பூசினால் தெரியாது

வீடு கட்டிக் குடிபுகுந்த எட்டாவது வருஷத்தில், ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து நிலம் வெடிக்கத் தொடங்கியிருந்த ஒரு பங்குனி மாதத்தில், என் படுக்கையறைச் சுவரின் அடிப்பகுதியில், தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு முழ உயரத்துக்கு ஈரம் பூத்தது. முதலில் உள்ளங்கை அளவாக இருந்த அந்தக் கறை, வாரம் ஒன்று கழிவதற்குள் முறத்தின் அகலத்தை எட்டி, ஓரங்களில் உப்புப் படிந்து, வர்ணம் செதில் செதிலாக உரிந்து விழத் தொடங்கியபோதுதான், இது மழையின் வேலையன்று, சுவருக்குள்ளேயே ஏதோ ஒரு குழாய் கசிகிறது என்பது எனக்குப் புலப்பட்டது. வந்த பிளம்பர் அனுபவஸ்தர். பலாப்பழம் வாங்குகிறவர் பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல் சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, கறைக்கு நேர் மேலே ஓரிடத்தைக் காட்டி, “இங்கதானுங்க இருக்கோணும்” என்றார். அங்கே உடைத்தோம்; குழாயே இல்லை. இரண்டாவதாக உடைத்த இடத்தில் குழாய் இருந்தது, கசிவு இல்லை. மூன்றாவது இடத்தில் மின்கம்பி செல்லும் பைப் வெளிப்பட்டது. நல்ல வேளையாக உளியின் முனை அதைத் தொடாமல் நின்றது. கடைசியில் கசிவு அகப்பட்ட இடம், கறையிலிருந்து ஏழு அடி தள்ளி, குளியலறை வாசலை ஒட்டி, இடுப்பு உயரத்தில், ஓர் எல்போ மூட்டில் இருந்தது.

நீர் இவ்வாறு பொய்ச்சாட்சி சொன்னதற்குக் காரணம் அந்தச் சுவரின் பிறப்பிலேயே இருக்கிறது. என் வீட்டுச் சுவர்கள் ஹாலோ பிளாக் கல்லால் எழுந்தவை. செங்கற்சுவரில் குழாய் கசிந்தால் ஈரம் அந்த இடத்தைச் சுற்றி ஊறி, கசிவுக்குப் பக்கத்திலேயே கறையாக வெளிப்படும். ஹாலோ பிளாக்கிலோ, ஒரு கல்லின் பொந்து அடுத்த வரிக் கல்லின் பொந்தோடு சேர்ந்து உறைகிணறுபோல் அடிவரை இறங்குவதால், மேலே கசியும் நீர் யாருக்கும் தெரியாமல் அதன் வழியே இறங்கி, அஸ்திவாரத்தின் மேல் ஓடும் பிளிந்த் பீமின் முதுகில் தேங்கி, அங்கிருந்து படுக்கைவசத்தில் நகர்ந்து, கலவை எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கே தலைகாட்டும். நோய் ஓரிடம், வலி வேறிடம் என்று வைத்தியர்கள் சொல்வார்களே, அந்தக் கதைதான்.

உடைத்துப் போட்ட குப்பையை அள்ளிக்கொண்டிருந்தபோது, வீடு கட்டிய காலத்துச் சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. சுவரெல்லாம் எழுந்து, தளமும் போட்டு, சென்ட்ரிங் பலகை பிரித்த பிறகு, எலக்ட்ரீஷியன் தம் இரண்டு பையன்களோடு வந்து, சாயம் தோய்த்த நூலைச் சுண்டிச் சுவரில் கோடு அடித்துவிட்டு, கட்டிங் மெஷினை ஓட விட்டார். ஒரு நாழிகைக்குள் வீடு முழுவதும் சிமெண்டுப் புழுதி மண்டி, எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. வரவேற்பறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நேர்க்கோடாக இரண்டு அறுப்பு அறுத்து, நடுவே இருந்ததை உளியால் தட்டி எடுத்தபோது, கல்லின் பொந்துகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றன. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்ற நான், “இவ்வளவு நீளத்துக்கு அறுத்தால் சுவர் தாங்குமா?” என்று கேட்டேன். அவர் மெஷினை நிறுத்தாமலே, “அதெல்லாம் பூசினாத் தெரியாதுங்க சார்” என்றார். நான் கேட்டது தாங்குமா என்று. அவர் சொன்ன விடை, தெரியாது என்பது. கேள்விக்கும் விடைக்கும் நடுவே கிடந்த தூரத்தை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, எல்லோருக்குமாக டீ சொல்லப் போய்விட்டேன். தமிழ்நாட்டில் இன்று எழும் வீடுகளின் சுவர்களுக்குள் நடைபெறும் காரியங்கள் பலவற்றுக்கு அந்த வாக்கியமே ஆதார சுருதி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஹாலோ பிளாக் நம் ஊரில் பிறந்த சரக்கு அன்று. அமெரிக்காவில் ஹார்மன் பால்மர் என்பவர் இத்தகைய கல்லை வார்க்கும் இயந்திரத்துக்கு 1900-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அங்கிருந்து அது உலகெங்கும் பரவிற்று. கொங்கு நாட்டில் கருங்கல் குவாரிகளுக்குப் பஞ்சமில்லாமையால், குவாரித் தூளும் பொடி ஜல்லியும் சிமெண்டும் கலந்து இடித்து வார்க்கும் இந்தக் கல், செங்கல்லோடு போட்டியிட்டு மெல்ல மெல்ல இடம்பிடித்து வந்தது. கோயம்புத்தூரை அடுத்த தடாகம் பள்ளத்தாக்கில், செம்மண்ணை வரைமுறையின்றித் தோண்டியதன் பலனாக எழுந்த வழக்குகளைத் தொடர்ந்து, 2021-இல் செங்கற்சூளைகள் மூடப்பட்ட பிறகு, அதுவரை செங்கல்லையே நம்பியிருந்தவர்களும் இதன் பக்கம் திரும்பினார்கள். 400 மில்லிமீட்டர் நீளமும் 200 மில்லிமீட்டர் உயரமும் அதே அகலமும் உள்ள ஒரு கல், ஏறக்குறைய எட்டுச் செங்கல் அடைக்கும் இடத்தை அடைத்துவிடும். சுவர் விரைவாக ஏறுகிறது, கலவை மிச்சம், உள்ளே காற்று நிற்பதால் சித்திரை வெயிலின் உக்கிரமும் சற்றுக் குறைகிறது. ஆகவே இந்தக் கல்லைக் குறைகூறுவது என் உத்தேசமன்று. செங்கல்லிடம் பழகிய கையோடு இதனிடமும் பழகுகிறோமே என்பதுதான் என் மனத்தாங்கல்.

பைகாராவில் 1932-இல் மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கிக் கோவை வட்டாரத்து வீடுகளுக்கு விளக்கு வந்த காலத்தில், கம்பிகள் சுவருக்கு வெளியே, தேக்கு ரீப்பரின் மேல் வரிசையாகக் கிளிப் அடித்து, கண்ணுக்குத் தெரியும்படியாகவே சென்றன. என் பாட்டனார் வீட்டில், திண்ணையிலிருந்து சமையலறை வரைக்கும் அந்த ரீப்பர் உத்தரத்தின் ஓரமாக ஓடி, ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டையான கறுப்புச் சுவிட்சுக்கு ஒரு கிளை இறக்கியிருக்கும். எந்த விளக்கு எரியவில்லையோ, அதன் கம்பியைக் கண்ணாலேயே தொடர்ந்து போய்ப் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். பிறகு, கம்பியும் குழாயும் வெளியே தெரிவது ஏழ்மையின் அடையாளம் என்றும், அவற்றைச் சுவருக்குள் புதைப்பதே நாகரிகம் என்றும் ஓர் அபிப்பிராயம் வேரூன்றிற்று. ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் கனமானது, உள்ளே முழுவதும் நிரம்பியது; அதில் குழாயைப் புதைக்க ஓர் அங்குலம் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்தாலும் எட்டு அங்குலம் எஞ்சி நின்றது. அந்தச் சுவரின் பெருந்தன்மையால் நம் பழக்கத்தின் தீமை வெளிப்படாமலே இருந்தது.

ஹாலோ பிளாக்குக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. எட்டு அங்குல அகலமுள்ள கல்லில், சுவரின் இரு முகங்களாக நிற்கும் தட்டுகள் ஒவ்வொன்றும் 30 மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி. அதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். பார்வைக்கு எட்டு அங்குலச் சுவராக நிற்பது, மெய்யாக இரண்டு மெல்லிய தட்டுகளும், அவற்றைப் பிணைக்கும் குறுக்குத் தட்டுகளுமேயன்றி வேறன்று. கூரையின் பாரம் முழுவதும் இந்தத் தட்டுகளின் வழியாகத்தான் அஸ்திவாரத்துக்கு இறங்குகிறது. மின்கம்பி செல்லும் ஒரு கான்டூட் பைப்பைப் புதைக்க வேண்டுமானால் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் ஆழம் வேண்டும். அந்த ஆழத்துக்கு அறுத்தால் ஒரு தட்டு அங்கே அநேகமாக இல்லாமலே போய்விடுகிறது. மேலிருந்து கீழாக அறுத்தாலாவது அறுப்பின் இருபுறமும் எஞ்சிய பகுதி பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். குறுக்கே, படுக்கைவசத்தில், பத்தடி நீளத்துக்கு அறுத்தோமானால், அந்தப் பத்தடிக்கும் மேலே உள்ள தட்டுக்கும் கீழே உள்ள தட்டுக்கும் நடுவே சம்பந்தம் அறுந்து, சுவர் ஒற்றைக் காலில் நிற்கிறது.

இது நான் கண்டுபிடித்துச் சொல்லும் புதிய தத்துவமன்று. செங்கல், கல் சுவர்களின் பலத்தைப் பற்றிய ஐ.எஸ். 1905 என்ற இந்தியத் தரவிதி, அதன் 1987-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே, நெடுக்குக் காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், குறுக்குக் காடியின் ஆழம் ஆறில் ஒரு பங்கையும் தாண்டலாகாது என்றும், குறுக்குக் காடி தொடர்ச்சியாக ஒரு மீட்டருக்கு மேல் நீளக் கூடாது என்றும் வரையறுத்திருக்கிறது. பொந்துள்ள கற்களைப் பற்றியோ அது இன்னும் கண்டிப்பாகப் பேசுகிறது: அத்தகைய கல்லைச் சுவரில் வைத்துக் கட்டிவிட்ட பிறகு, அதில் காடியோ குழியோ துளையோ வெட்டவே கூடாது. விதியின் வாசகத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. எனினும் நான் விசாரித்த கொத்தனார்கள், எலக்ட்ரீஷியன்கள், ஏன், கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கும் இரண்டொரு பொறியாளர்கள் உட்பட, ஒருவரும் இந்த விதியைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொல்லவில்லை.

பொந்தில்லாத சாலிட் பிளாக் ஆயிற்றே, அதில் என்ன தடை என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. ஆறு அங்குல சாலிட் பிளாக் சுவரின் கனம் 150 மில்லிமீட்டர். அதில் ஆறில் ஒரு பங்கு 25 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் கனமுள்ள பைப்பைக் குறுக்கே புதைத்து, அதன் மேல் கலவை நிற்பதற்கும் கொஞ்சம் இடம் விட்டால் அளவு மீறிவிடுகிறது. நான்கு அங்குலத் தடுப்புச் சுவரின் கதி இன்னும் பரிதாபம். அங்கே குறுக்குக் காடிக்கு அனுமதிக்கப்பட்ட ஆழம் 16 மில்லிமீட்டர்தான். ஆனால் நம் வீடுகளில் குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் இந்த நான்கு அங்குலச் சுவர்; அதன் ஒரு முகத்தில் ஷவருக்கும் டைவர்ட்டருக்கும் பிளம்பர் வெட்டுவார்; மறுமுகத்தில், அதே உயரத்தில், மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் பிளக் வைக்க எலக்ட்ரீஷியன் வெட்டுவார். டைவர்ட்டரின் உடல் மட்டுமே இரண்டு அங்குலத்துக்கு மேல் உட்கார இடம் கேட்கும். ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர் வெட்டுவதை இருவரும் அறியார்கள். ஒரு நண்பர் வீட்டில், பிளக் பெட்டிக்காகக் குழி எடுத்தபோது உளி மறுபக்கம் வந்து, குளியலறையின் வெளிச்சம் சமையலறையில் விழுந்ததை நானே கண்ணால் பார்த்தேன்.

இங்கே ஒரு பாகுபாட்டைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கான்கிரீட் தூண்களும் உத்தரங்களும் நிறுத்தி, அவற்றின் மேல் தளம் போட்ட வீடுகளில், சுவர் வெறும் திரையே ஆகையால், காடி எடுப்பதன் தீங்கு விரிசலோடும் கசிவோடும் நின்றுவிடும். பிராண பயம் இல்லை. தூண் இல்லாமல் சுவரே தளத்தைத் தாங்கும் சிறு வீடுகளின் சமாசாரம் வேறு. பணம் உள்ளவர்கள் தூண் நிறுத்துகிறார்கள். இல்லாதவர்கள் சுவரின் மேலேயே தளத்தை ஏற்றுகிறார்கள். ஆகவே அறுக்கப்பட்ட சுவரின் ஆபத்து அதிகமாகச் சூழ்வது, அதைத் தாங்கும் சக்தி எவர்களுக்குக் குறைவோ அவர்களைத்தான்.

அப்படியானால் ஹாலோ பிளாக் வீட்டில் கம்பியை எங்கே கொண்டுபோவது என்று கேட்டால், அந்தக் கல்லே விடை வைத்துக்கொண்டிருக்கிறது. செங்கல்லில் நாம் வெட்டி உண்டாக்க வேண்டிய வழியை, இது பொந்தாகத் தன்னுள்ளேயே சுமந்து வருகிறது. ஒரு வரிக்கு மேல் அடுத்த வரியைப் பாதிக் கல் தள்ளி வைத்துக் கட்டும்போது, கீழ்க்கல்லின் பொந்துக்கு நேரே மேற்கல்லின் பொந்து வந்து அமைவதால், சுவர் எழும்போதே அதன் உள்ளே நெடுக்காகக் குழாய் செல்லும் மார்க்கம் தானாக உருவாகிறது. ஒரு முனை மூடிய கல்லாக இருந்தால், அந்த மெல்லிய மூடியைக் கீழே வைத்தே சுத்தியலால் தட்டித் திறந்துவிட்டு வைக்கலாம். பத்தடிப் பைப்பை முழுசாக நிறுத்தினால் ஒவ்வொரு கல்லையும் தலைக்கு மேலே தூக்கி மாலை கோப்பதுபோல் கோக்க வேண்டியிருக்கும் என்று கொத்தனார் அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பு நியாயமானதே. ஆகையால் பைப்பை மூன்றடித் துண்டுகளாக அறுத்து, நான்கைந்து வரி ஏறியதும் கப்ளிங் வைத்து அடுத்த துண்டை ஒட்டி, கலவை உள்ளே விழாதபடி வாயில் கந்தல் துணியை அடைத்துக்கொண்டே போக வேண்டும்.

சுவிட்ச் பெட்டியின் கதையும் இதுபோலத்தான். தரையிலிருந்து நான்கடி உயரத்தில் பெட்டி வர வேண்டுமென்றால், தரை ஓட்டின் கனத்தையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால், அது ஏழாவது வரிக் கல்லில் வந்து விழும். அந்த ஏழாவது வரிக்கு வேண்டிய கல்லை, சுவரில் ஏற்றுவதற்கு முன்பே, தரையில் வைத்து, கட்டிங் மெஷினால் பெட்டியின் அளவுக்கு முகத்தை அறுத்து எடுத்துக்கொண்டால், கல் அதிர்ந்து பக்கத்துக் கலவை விட்டுப்போகிற பேச்சே இல்லை. பெட்டியைப் பொருத்திய பிறகு அந்தப் பொந்தைக் கொஞ்சம் கான்கிரீட் போட்டு நிரப்பிவிட்டால் பெட்டி ஆடாது. குறுக்கே போகவேண்டிய வழிகளெல்லாம் சுவருக்குச் சம்பந்தமில்லாதவை. தளத்துக்குக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால், விளக்குக்கும் மின்விசிறிக்கும் பெட்டி வைத்துப் பைப் ஓட்டுகிறார்கள் அல்லவா, அந்தக் கட்டத்திலேயே எந்தச் சுவரில் எந்தப் பொந்துக்குள் டிராப் இறங்க வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிட்டால், படுக்கைவசப் பயணம் முழுவதும் தளத்திலும், இறங்கும் பயணம் மட்டும் சுவரிலும் நடந்துவிடும். ஒரு சுவரையும் பின்னால் அறுக்க வேண்டியதில்லை. புளோரிடா போன்ற இடங்களில், கான்கிரீட் கல் சுவரின் உள்முகத்தில் மரச்சட்டம் அடித்து, அதன் மேல் ஜிப்சம் பலகை பொருத்தி, இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் கம்பியை விடுகிறார்கள். கரையானும் வடகிழக்குப் பருவமழையும் உள்ள நம் ஊருக்கு அது சரிப்படும் என்று நான் நினைக்கவில்லை.

இவ்வளவு சுலபமான காரியம் ஏன் நடைபெறுவதில்லை? கொத்தனாருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. எலக்ட்ரீஷியனுக்குப் பாயிண்ட் கணக்கில் கூலி. சுவர் எழும் இரண்டு மூன்று வாரமும், வரிக்கு வரி, கொத்தனாரோடு சாரத்தில் நிற்க வேண்டுமானால், எலக்ட்ரீஷியன் வேறு இரண்டு வீட்டு வேலையை இழக்க வேண்டும்; பாயிண்ட் கணக்கில் அதற்கு ஈடு கிடைக்காது. கொத்தனாரோ, தம் வேகம் குறைவதை விரும்பமாட்டார். வீட்டுக்காரர், எந்த அறையில் கட்டில் எந்தத் திசையில் போடுவோம், குளிர்சாதனப் பெட்டி எங்கே நிற்கும் என்பதைக் கிருகப்பிரவேசத்துக்கு முந்தைய மாதம் வரையில் முடிவு செய்யமாட்டார். நானும் அப்படித்தான் இருந்தேன்; டிவி வைக்கும் சுவரை மூன்று முறை மாற்றினேன், மூன்று முறையும் சுவர் வெட்டப்பட்டது. இந்த மூவருடைய தாமதத்துக்கும் அவசரத்துக்கும் சேர்த்துச் சுவர் தண்டனை அனுபவிக்கிறது. எலக்ட்ரீஷியன் சொன்ன வாக்கியத்துக்காக அவரை மட்டும் நான் நோக மாட்டேன். வெட்டுவதற்கு ஆகும் ஆள்கூலியையும், பிளேடையும், குப்பை அள்ளும் செலவையும், காடியின் மேல் கோழிவலை அடித்துப் பூசும் செலவையும் கூட்டிப் பார்த்து, அதில் ஒரு பகுதியை அவருக்குச் சாரத்தில் நின்ற நாட்களுக்கான கூலியாகக் கொடுத்தால் அவர் சந்தோஷமாக நிற்பார். அந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்ப்பதில்லை.

மின்சாரத்தின் நிலை இது. நீரைப் பற்றி என் அபிப்பிராயம் இன்னும் கடுமையானது. ஹாலோ பிளாக் சுவருக்குள் நீர்க்குழாய் போகவே கூடாது. மின்கம்பி பழுதானால் பைப்புக்குள்ளிருந்து உருவி எடுத்துவிட்டு வேறு கம்பி கோத்துவிடலாம்; நீர்க்குழாய்க்கு அந்தச் சௌகரியம் கிடையாது. முன்காலத்து ஜி.ஐ. பைப் துருப்பிடித்துக் கசிந்தது; இந்தக் காலத்து சி.பி.வி.சி. பைப் துருப்பிடிக்காது என்பது உண்மைதான், ஆனால் அதன் பலம் முழுவதும் மூட்டில் பூசும் பசையின் கையில் இருக்கிறது. பசை பூசி, கால் திருப்பு திருப்பி, அரை நிமிஷமாவது அழுத்திப் பிடிக்காமல், கை வழுக்கிய ஒரு மூட்டு, முதல் வருஷத்தில் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, கீசர் வெந்நீரின் சூட்டில் தினந்தோறும் நீண்டும் சுருங்கியும் களைத்து, எட்டாம் வருஷத்தில் கசியத் தொடங்கும். பூசுவதற்கு முன் எல்லா வாய்களையும் அடைத்து, பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு விட்டுவைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். டைல்ஸ்காரர் மறுநாள் காலையில் வந்து நிற்கிறார் என்ற காரணத்துக்காக அதைத் தள்ளிவிடுகிறவர்களே அதிகம்.

சமையலறையும் குளியலறையும் வீட்டின் ஒரே மூலையில் முதுகோடு முதுகாக அமையும்படி வரைபடம் போட்டுக்கொண்டால், தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் வெளிச்சுவரின் மேலேயே கிளாம்பில் நின்று, ஒவ்வொரு குழாய்முனைக்கும் அதன் நேரே சுவரைத் துளைத்து உள்ளே வந்துவிடும். அந்தத் துளையையும், கல் வைக்கும்போதே ஒரு துண்டுப் பைப்பைச் செருகி விட்டுவைத்தால், பிற்பாடு குடைய வேண்டாம். நான்கு அங்குலக் கழிவுக் குழாய்க்கோ எந்தச் சுவருக்குள்ளும் இடமே இல்லை. அது வெளியே போவதைப் பற்றி ஒருவரும் குறை சொல்வதில்லை. நல்ல நீர்க் குழாய் வெளியே தெரிந்தால் மட்டும் ஏன் நம் கௌரவம் குறைகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. வெயிலில் சி.பி.வி.சி. நைந்துபோகும் என்பது மெய்யான ஆட்சேபம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வர்ணத்தை அதன் மேல் பூசிவிட்டால் அதற்குப் பரிகாரம் கிடைக்கும். வைகாசி மாதத்துக் குழாய் நீர் இன்னும் கொஞ்சம் சுடும்தான். மொட்டைமாடித் தொட்டியில் ஏற்கெனவே கொதித்துவிட்டு வரும் நீருக்கு அது பெரிய விஷயமன்று.

பொந்துச் சுவரின் வேறு சில குணவிசேஷங்களையும், குடியிருந்து பார்த்தவன் என்ற முறையில், சொல்லிவிடுகிறேன். கீசர் மாட்ட எண்ணுகிறவர்கள், எந்த இடத்தில் மாட்டப் போகிறோமோ அந்தக் கல்லின் பொந்தைக் கட்டும்போதே கான்கிரீட்டால் நிரப்பச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் போல்ட் மெல்லிய தட்டைத் துளைத்துக்கொண்டு வெற்றிடத்தில் தொங்கும். எறும்புகளுக்கு இந்தப் பொந்துகள் ராஜபாட்டை. சுவிட்ச் பெட்டியின் முதுகு திறந்திருந்தால் பெட்டிக்குள் மண் சேர்த்துக் குடித்தனம் நடத்தும், ஒரு நாள் சுவிட்ச் போட்டால் விளக்கு எரியாது. காலண்டர் மாட்ட ஆணி அடிக்கும்போது கம்பியோ குழாயோ எங்கே போகிறதென்று தெரியாமல் அடிக்கிறோம் என்பதை யோசித்தால், மின் பலகையில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் சுத்தியலைக் கையில் எடுக்கவே எனக்குத் துணிவு வருவதில்லை.

இனி அரசாங்கம் செய்யக்கூடியதைப் பற்றி. தமிழ்நாட்டில் வீட்டு வரைபடத்துக்கு அனுமதி வழங்குவதற்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் இருக்கின்றன. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிறவர்கள், சுயசான்று அளித்து இணையவழியில் உடனுக்குடன் அனுமதி பெற்றுவிடலாம். அனுமதிக்குப் போகும் படத்தில் படுக்கையறை எங்கே, மாடிப்படி எங்கே, எல்லையிலிருந்து எத்தனை அடி விட்டிருக்கிறோம் என்பதெல்லாம் இருக்கும். எந்தச் சுவரில் எந்தப் பொந்தின் வழியே கம்பி இறங்குகிறது என்பது இருக்காது. 2003-இல், ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர்ச் சேகரிப்பு அவசியம் என்று இதே மாநிலம் சட்டம் செய்தபோது, நடவாத காரியம் என்று எத்தனையோ பேர் சிரித்தார்கள்; ஒரு வருஷத்துக்குள் கூரைதோறும் குழாய் இறங்கிற்று. வானத்திலிருந்து விழும் நீர் எந்த வழியாக இறங்க வேண்டுமென்று கேட்ட அரசாங்கம், தொட்டியிலிருந்து இறங்கும் நீரின் வழியையும் மின்சாரத்தின் வழியையும் காட்டும் ஒரே ஒரு தாளைக் கேட்பதற்கு என்ன தடை?

தனியார் வீட்டைக் காட்டிலும் இந்த யோசனை எளிதாகப் பலிக்கக்கூடிய இடம் அரசு உதவியில் எழும் வீடுகள். 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. நான் மேலே சொன்ன, பாரம் தாங்கும் சிறு சுவர்கள் அதிகமாக எழக்கூடிய இடம் இதுதான். காடி வெட்டிய பின் விரிசல் விட்டால் திரும்பப் பூசிக்கொள்ளப் பணமில்லாதவர்கள் குடியிருக்கப்போகும் இடமும் இதுதான். இத்தகைய வீடுகளுக்கு மாதிரிப் படம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் படத்தோடு, எத்தனையாவது வரியில் எந்தக் கல்லில் பெட்டி, எந்தப் பொந்தில் பைப், எந்த இடத்தில் துளை என்று வரிக்கு வரி காட்டும் இரண்டாவது தாள் ஒன்றையும் ஒரு தடவை வரைந்து அச்சிட்டுவிட்டால், அது லட்சக்கணக்கான சுவர்களுக்குப் பயன்படும். தவணைப் பணத்தை விடுவிக்க வரும் மேற்பார்வையாளர், லிண்டல் மட்டத்தில் சுவரை அளக்கும்போதே, பைப் வாய்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடலாம். வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கிகளும், அஸ்திவாரம், லிண்டல், தளம் என்று கட்டம் கட்டமாகப் பணம் விடுகிறவர்களாகையால், இதே நிபந்தனையை வைப்பது அவர்களுக்கும் சிரமமாகாது.

அரசாங்கமும் வங்கியும் மனம் வைக்கும் வரையில், இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. பூச்சு வேலை தொடங்கும் நாளுக்கு முந்தைய மாலையில், வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய், ஒவ்வொரு சுவரின் முன்னாலும், அளவு நாடாவைத் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, உங்கள் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். அறையின் பெயரையும், சுவரின் திசையையும் அதில் எழுதுங்கள். படங்களை அச்செடுத்து, வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவில், அதே உறையில் வையுங்கள். பின்னொரு நாள் வீட்டை விற்க நேர்ந்தால், சாவியோடு அந்த உறையையும் வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.